அவளுக்கு என்ன வேண்டும்? – யதார்த்த நடிப்பும் நாடக முரணும் சாதியும்

(நாடகம் பயிலும் மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



யதார்த்த நடிப்பின் அடிப்படைகளைப் பற்றியும் நாடக முரணைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் நடிகையாக இருந்து, நடிப்பை விட்டுவிட்டு, இப்போது நாடகத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள். ஏன் விட்டேன் என்பதிலிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும்.

முதுகலை படிக்கும்போது ஒரு நாடகத்தில் எனக்கு வேடம் கிடைத்தது. பண்ணையார் வீட்டில் கூலி கேட்டு நிற்கும் பெண். மூன்று வசனம்தான். பண்ணையாராக நடித்தவர் என் வகுப்புத் தோழர். இயக்குநர் அவரோடு ஒரு வாரம் உட்கார்ந்தார். இந்த ஆளுக்கு என்ன வயது, எத்தனை வேலி நிலம், கடன் இருக்கிறதா, மகன் படிக்கிறானா, நாற்காலியில் எப்படிச் சாய்வான், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எந்த விரலால் தடவுவான் என்று அத்தனையும் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருக்கவே ஆசையாக இருந்தது. என் முறை வந்ததும் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். “உனக்கு என்னம்மா சொல்லித் தர்றது? உனக்குத் தெரியாததா? அப்படியே வந்து நில்லு, போதும்” என்றார்.

நின்றேன். போதவில்லை. ஒரு நாள் ஒத்திகையில் விளக்கை அணைக்கச் சொன்னார். எல்லோரையும் என்னைச் சுற்றி உட்காரவைத்தார். “சாதி சொல்லி உன்னை அவமானப்படுத்தின ஒரு நாளை ஞாபகப்படுத்திக்க. கண்ணை மூடிக்க. ஒண்ணு விடாம சொல்லு” என்றார். எனக்கு அப்போது 22 வயது. சொன்னேன். அழுதேன். சுற்றி இருந்தவர்களில் சிலரும் அழுதார்கள். விளக்கு எரிந்ததும் கைதட்டினார்கள். “இதுதான் வேணும். இதை அப்படியே மேடையில குடு” என்றார். மூன்று நிகழ்ச்சிகளில் கொடுத்தேன். பாராட்டினார்கள். நான்காவது நிகழ்ச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு விடுதி அறையில் படுத்துக்கொண்டேன். அதன்பிறகு மேடை ஏறவில்லை.

அன்று எனக்கு நடந்தது என்ன என்று விளங்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. என் வகுப்புத் தோழருக்குக் கற்பனை செய்ய இடம் கொடுத்தார்கள். என்னிடம் ஞாபகத்தைக் கேட்டார்கள். ஒத்திகைக் கூடத்துக்குள்ளும் அந்தப் பழைய பிரிவினைதான். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் விளக்கினாரே, அதை நான் நாடகத்தில்தான் அனுபவமாகப் புரிந்துகொண்டேன். ஒருவர் பாத்திரத்தை உருவாக்குகிறார். இன்னொருவர் தன்னையே கச்சாப் பொருளாகக் கொடுக்கிறார்.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி எதைக் கேட்டார்?

யதார்த்த நடிப்பு என்றதும் நாம் சொல்லும் முதல் பெயர் கான்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. 1863இல் பிறந்து 1938இல் இறந்தவர். பணக்கார ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. 1898இல் நெமிரோவிச்-தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினார். நெஞ்சில் கை வைத்தால் காதல், நெற்றியில் கை வைத்தால் துயரம் என்று வாய்ப்பாடாகிப்போன நடிப்பை அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மாற்ற அவர் நடிகர்களிடம் சில கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்விகள்தான் இன்றுவரை நமக்கு அடிப்படை.

முதலாவது, தரப்பட்ட சூழ்நிலை. இந்த ஆள் யார்? எங்கே நிற்கிறார்? இப்போது மணி என்ன? இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார்? நம் ஊரில் இந்தக் கேள்விகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தாக வேண்டும். முன்வாசல் வழியாக வந்தாரா, கொல்லை வழியாக வந்தாரா? செருப்பு காலில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? அவரை ‘வாங்க’ என்பவர் யார், ‘வா’ என்பவர் யார்? இதைக் கேட்காமல் எழுதும் பாத்திரக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

இரண்டாவது, ‘ஒருவேளை’ என்ற சொல். ஒருவேளை நான் இந்தச் சூழ்நிலையில் இருந்தால் என்ன செய்வேன்? என்ன உணர்வேன் என்பதல்ல கேள்வி. என்ன செய்வேன் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, தேவை. இந்த ஆளுக்கு இந்த நிமிடத்தில் என்ன வேண்டும்? யாரிடமிருந்து வேண்டும்? அதை அடைய எது தடையாக இருக்கிறது? தடையைத் தாண்ட என்ன செய்து பார்க்கிறார்?

நடிகர் தன் சொந்த உணர்ச்சி நினைவைப் பயன்படுத்தலாம் என்றும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சொன்னார், உண்மைதான். ஆனால் உணர்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது என்பதையும் அவரே கண்டுகொண்டார். கடைசிக் காலத்தில், 1930களில், அவர் உடல்சார்ந்த செயல்களிலிருந்தே ஒத்திகையைத் தொடங்கினார். அழு என்று சொல்லாதே, பூட்டிய கதவைத் திறக்கப் பார் என்று சொல். செயல் உண்மையாக இருந்தால் உணர்ச்சி தானே பின்னால் வரும். என் இயக்குநர் பாடத்தின் ஒரு பக்கத்தை என் தோழருக்கு வாசித்துக் காட்டினார், வேறொரு பக்கத்தை மட்டும் கிழித்து என் கையில் கொடுத்தார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1902இல் அவர் டால்ஸ்டாயின் ‘இருளின் ஆதிக்கம்’ நாடகத்தை மேடையேற்றினார். கிராமத்து விவசாயிகளின் கதை. உண்மையாக இருக்க வேண்டும் என்று துலா மாகாணத்துக்குப் போய் வீடுகளைப் பார்த்து, துணிமணிகளையும் பண்ட பாத்திரங்களையும் வாங்கி வந்தார்கள். ஆலோசனை சொல்ல ஒரு விவசாயியையும் ஒரு மூதாட்டியையும் கூடவே அழைத்துவந்தார்கள். ஒருநாள் நடிகை ஒருவர் வராதபோது அந்த மூதாட்டியை நடிக்கச் சொன்னார்கள். அவர் மேடைக்கு வந்ததும் மற்ற நடிகர்கள் எல்லாம் பொய்யாகத் தெரிந்தார்கள். ஆனால் அவர் வாயில் வந்த கிராமத்து வசவுகளைத் தணிக்கை விடாது. எனவே அவரைக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தினார்கள். அங்கேயும் மற்றவர்கள் பொய்யானார்கள். தனியாக மேடையைக் கடந்து போக மட்டும் விட்டார்கள். அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, அந்தக் குரலை மட்டும் பின்னணியில் வைத்துக்கொண்டார்கள்.

வெளித் தோற்றத்தின் உண்மையில் சிக்கி உள்ளே இருந்த உண்மையைக் கோட்டைவிட்டோம் என்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நேர்மையாகவே ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அந்த மூதாட்டிதான் மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் யாராவது உட்கார்ந்து, ‘அம்மா, இந்தக் காட்சியில் இவளுக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டார்களா? கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. அவருடைய முகமும் நடையும் குரலும் தேவைப்பட்டன. கடைசியில் குரல் மட்டும் போதும் என்றாகிவிட்டது. விளக்கை அணைத்த அந்தக் கூடத்தில் என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள்.

அப்பாயி கூலி வாங்கிய கதை

அன்று இருட்டில் நான் சொன்ன ஞாபகம் இது. எனக்கு 9 வயது. அப்பாயியோடு ஐயா வீட்டுக்குக் களைக் கூலி வாங்கப் போனேன். என் வயதுப் பையன் ஒருவன் அப்பாயியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இன்னும் போகலையா நீ?’ என்றான். கூலியைக் கைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் போட்டார்கள். ஒரு நாணயம் தவறி சாணித் தரையில் விழுந்தது. அப்பாயி குனிந்து எடுத்தார். இதைச் சொல்லித்தான் அழுதேன்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அன்று நான் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. அப்போது அதெல்லாம் நாடகத்துக்குத் தேவை என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாயி வேலை செய்தது 11 நாள். ஐயா கணக்கில் 9 நாள்தான் இருந்தது. அப்பாயிக்கு வேண்டியது இரண்டு நாள் கூலி. ஐயா கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த களைக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள். அதனால் கொல்லைப்புறத்தில் சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். இருமினார். யாரும் வரவில்லை. மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக் கொல்லையைக் கூட்டத் தொடங்கினார். “எதுக்கு அப்பாயி?” என்றேன். “சும்மா இரு” என்றார். கூட்டுகிற சத்தம் கேட்டு வீட்டம்மா வெளியே வந்தார். வந்தவரிடம் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளுக்குப் பார்த்த வரன் அமைந்ததா என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: “நட்ட வகையில எல்லாம் சரியா வந்துருச்சுங்கம்மா. களையிலதான் ரெண்டு நாளு விட்டுப்போச்சாம்.”

விட்டுப்போச்சாம். அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். யார் விட்டது? யாருமில்லை. யார் சொன்னது? யாரோ. குற்றம் சொல்லாமல் குற்றத்தை முன்னால் வைக்கும் விகுதி அது. வசனத்துக்கு அடியில் ஓடும் பேசாத பேச்சு என்று நடிப்பு வகுப்பில் சொல்கிறோமே, அதை என் அப்பாயி ஒற்றை விகுதியில் செய்தார்.

ஐயா வந்து 9 நாள்தான் என்றார். அப்பாயி முந்தானையில் ஒரு கயிறு முடிந்து வைத்திருந்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு முடிச்சு. அதை வெளியே எடுக்கவே இல்லை. எடுத்தால் அது சண்டை. முடிச்சை விரலால் தடவிக்கொண்டே, “பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாளு மழை புடிச்சிக்கிச்சே, அன்னைக்கும் கரையேறாம நின்னோமுங்க” என்று நாள்களைச் சம்பவங்களாகச் சொன்னார். கடைசியில் 10 நாள் கூலி கிடைத்தது. திரும்பி வரும்போது அவர் அழவில்லை. “ஒரு நாளு வந்துருச்சு. இன்னொன்னை அடுத்த களையில வாங்கிப்புடுவேன்” என்றார்.

ஒரு நடிகைக்கு இதைவிட நல்ல காட்சி வேறென்ன கிடைக்கும்? தெளிவான தேவை, இரண்டு நாள் கூலி. தெளிவான தடை, ஐயாவின் கணக்கும் எதிர்த்துப் பேச முடியாத நிலையும். நின்றார், இருமினார், கூட்டினார், விசாரித்தார், ஒரு விகுதியைப் பயன்படுத்தினார், நாளைச் சம்பவமாக்கினார். ஒவ்வொன்றும் ஒரு செயல். ஒன்று பலிக்காதபோது அடுத்தது. கிடைத்தது பாதி, பாதி பாக்கி. மேடையில் நான் செய்த பெண்ணுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு வலி மட்டும் இருந்தது. வேண்டியது எதுவும் இல்லை. பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். ஆனால் அடுத்து என்ன நடக்குமோ என்று ஒருவரும் நாற்காலி நுனிக்கு வரவில்லை.

அவமானம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. சாணித் தரையில் விழுந்த நாணயம் அந்தக் காட்சியில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு நாள் கூலிக்காகப் போராடும் ஒருத்தியின் கண் எதிரே அது விழ வேண்டும். அப்போதுதான் அவள் குனிவது ஒரு முடிவாக இருக்கும். இல்லாவிட்டால் அது வெறும் குனிதல்தான்.

முரண் என்பது கத்துவதல்ல

முரண் என்றால் நம் மாணவர்கள் பலர் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கத்துவது என்று நினைக்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியதும் இன்னொருவருக்கு வேண்டியதும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்க முடியாதபோது பிறப்பது முரண். ஒரே ஆளுக்குள் இரண்டு தேவைகள் மோதும்போது அது இன்னும் ஆழமாகிறது. இதற்குச் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கம் மேடையேற்றிய நாடகம்.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் சட்டப்படி ஒழிந்தது. செகாவின் தாத்தா பண்ணையடிமையாக இருந்தவர், 1841இல் பணம் கட்டித் தன் குடும்பத்தை விடுவித்துக்கொண்டவர். தனக்குள் இருக்கும் அடிமையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றுவதைப் பற்றிச் செகாவ் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் படைத்த பாத்திரம்தான் லோபாகின். தந்தையும் தாத்தாவும் அடிமைகளாக இருந்த பண்ணைக்கு இவன் வியாபாரியாக, பணக்காரனாக வருகிறான். பண்ணையின் சொந்தக்காரி ரனேவ்ஸ்கயாவும் அவள் அண்ணன் காயெவும் கடனில் மூழ்கிக் கிடக்கிறார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி ஏலம்.

லோபாகினுக்கு என்ன வேண்டும்? பண்ணை வேண்டும் என்று அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நாடகத்தைப் படித்துப் பாருங்கள். முதல் அங்கத்திலேயே அவன் பண்ணையைக் காப்பாற்றத்தான் வழி சொல்கிறான். தோட்டத்தை வெட்டி, மனைகளாகப் பிரித்து, கோடைகால வீடுகளுக்கு வாடகைக்கு விடுங்கள் என்கிறான். கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறான். திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறான். அவர்களுக்கு அது நாகரிகமில்லாத பேச்சாகப் படுகிறது. சிறுவனாக இருந்தபோது தகப்பன் அடித்து மூக்கில் ரத்தம் வழிந்த இவனை, இளம்பெண்ணாக இருந்த ரனேவ்ஸ்கயா இந்த வீட்டுக்குள்ளேயே அழைத்துவந்து முகம் கழுவவைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அதை அவன் மறக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அவள் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது. தன்னைச் சமமானவனாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது.

அவள் கேட்கவில்லை. ஏலத்தில் லோபாகினே பண்ணையை வாங்கிவிடுகிறான். மூன்றாம் அங்கத்தில் வந்து அதைச் சொல்கிறான். தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் சமையற்கட்டில்கூட இடமில்லாத பண்ணை இப்போது தன்னுடையது என்று குதிக்கிறான், சிரிக்கிறான். அடுத்த கணமே ரனேவ்ஸ்கயாவிடம், ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று கண்ணீரோடு கேட்கிறான். வெற்றியும் இழப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. இதை வில்லனின் கொக்கரிப்பாக நடித்தால் காட்சி செத்துவிடும். அடிமை வம்சத்தின் பழிவாங்கலாக மட்டும் நடித்தாலும் செத்துவிடும். செகாவ் இந்தப் பாத்திரத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி செய்ய வேண்டும் என்று விரும்பினார். இவன் கத்துகிற வியாபாரி அல்ல, எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன் என்று கடிதத்தில் வலியுறுத்தினார். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளையான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரபு வீட்டு அண்ணன் காயெவின் வேடத்தை எடுத்துக்கொண்டார். லோபாகினாக லியோனிதவ் நடித்தார்.

இதை அப்படியே நம் ஊர்க் கதையாக மாற்றிவிடலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பண்ணையடிமை முறை வேறு, சாதி வேறு. அங்கே சட்டம் மாறியதும் பேரன் பணக்காரனாகி வரவேற்பறையில் உட்கார முடிந்தது. அதைவிட முக்கியம், அந்த முகம் கழுவிய சம்பவம். லோபாகினின் மொத்தப் பாசமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என் அப்பாயியின் ஊரில் ரத்தம் வழியும் ஒரு சேரிப் பையனைப் பண்ணை வீட்டுப் பெண் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் வீட்டுத் தண்ணீரில் முகம் கழுவவிட்டிருப்பாளா? தரப்பட்ட சூழ்நிலை மாறுகிறது. அப்போது தேவையும் மாறும், தடையும் மாறும், நாடகமே மாறும். ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் மட்டும் மாற்றி நாடகம் போடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

யார் முடிவெடுக்கிறார்?

தீண்டாமையைப் பற்றிய நல்லெண்ண நாடகங்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றின் அமைப்பு ஒன்றுதான். ஒரு சேரிக் குடும்பம் துன்பப்படுகிறது. அதைப் பார்த்து ஆதிக்கச் சாதியில் பிறந்த ஒரு நல்லவர் மனம் மாறுகிறார். திருப்பம் அவருடையது. முடிவு அவருடையது. அப்படியானால் நாடகமே அவருடையதுதான். துன்பப்பட்டவர்கள் அவர் மனம் மாறுவதற்கான பின்னணி. துலா மூதாட்டியின் பாட்டு போல.

இதற்கு நேர் எதிரான அமைப்பை வரலாற்றிலிருந்தே காட்டுகிறேன். மகாத் நகரத்தின் சவுதார் குளம். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு மகாத் நகராட்சியும் அப்படியே தீர்மானித்தது. ஆனாலும் தீண்டப்படாதோர் எவரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆதிக்கச் சாதியினர் திரண்டு தாக்கினார்கள். பிறகு 108 குடம் தண்ணீரை இறைத்து, சாணமும் கோமியமும் கலந்து குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

நாடக மாணவராக இதைப் பாருங்கள். வேண்டியது ஒரு மடக்குத் தண்ணீர். தடை சட்டம் அல்ல, சட்டம் பக்கத்தில்தான் நிற்கிறது. தடை ஓர் ஒழுங்கு. அதைக் காப்பாற்ற யாரோ ஒரு வில்லன் தேவையில்லை, சாதாரண மனிதர்களே போதும். செயலோ சின்னது, குனிந்து கையால் அள்ளுவது. அந்தக் குனிதலுக்கு ஓர் ஊரே நடுங்குகிறது. மராத்தி நாடகாசிரியர் பிரேமானந்த் கஜ்வீ தன் ஓரங்க நாடகத்துக்கு ‘கோட்பர் பாணி’, ஒரு மடக்குத் தண்ணீர் என்றே பெயர் வைத்ததில் வியப்பில்லை. இங்கே முடிவெடுத்தவர்கள் தாகம் எடுத்தவர்களே.

ஆகவே எந்த நாடகப் பிரதி கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் ஒடுக்கப்பட்ட பாத்திரத்துக்கு வலியைத் தவிர, வேண்டியது என்று ஒன்று இருக்கிறதா? அதற்காக அந்தப் பாத்திரம் ஏதாவது செய்கிறதா? திருப்புமுனையில் முடிவெடுப்பது யார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் எவ்வளவு கண்ணீர் இருந்தாலும் அது யதார்த்தம் இல்லை. எங்கள் தெருவில் எதையும் விரும்பாத, எதற்கும் தந்திரம் செய்யாத ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

கூத்து இருக்கையில் யதார்த்தம் எதற்கு?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நமக்குக் கூத்து இருக்கிறது, பறை இருக்கிறது. ‘பலி ஆடுகள்’ எழுதிய கே.ஏ.குணசேகரன் போன்றவர்கள் நாட்டுப்புறக் கலையிலிருந்தே தலித் அரங்கை யோசித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த முறை எதற்கு? நான் இதைக் கூத்துக்கு மேலே வைக்கவில்லை. ஆனால் ‘இந்த ஆளுக்கு என்ன வேண்டும்?’ என்று மேடையில் நிற்கும் ஒவ்வொருவரைப் பற்றியும், வேலைக்காரப் பாத்திரம் வரைக்கும், கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு முறை சொல்கிறது என்றால் அந்தக் கேள்வி எனக்கு வேண்டும். நம் மேடையில் சிலரிடம் மட்டுமே கேட்கப்பட்டுவந்த கேள்வி அது.

உங்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஞாபகம் உங்கள் சொத்து. கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் விருப்பம். ஒத்திகையில் யாராவது விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்டால், ‘சார், அதுக்கு முன்னாடி இவளோட சூழ்நிலையைப் பேசலாமா? இவளுக்கு என்ன வேணும்னு பேசலாமா?’ என்று திருப்பிக் கேளுங்கள். லோபாகின் மட்டுமல்ல, ரனேவ்ஸ்கயாவும் உங்கள் வேடம்தான். ராஜாவும் உங்கள் வேடம்தான். கற்பனை செய்வதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

மற்ற தோழர்களுக்கு: ‘ஒருவேளை நான் தலித்தாக இருந்தால் வருத்தப்படுவேன்’ என்பது கற்பனை இல்லை. முதலில் உங்கள் வீட்டுச் சூழ்நிலையை எழுதுங்கள். உங்கள் வீட்டுக்குக் கொல்லை வழியாக வருபவர் யார்? அவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? அவரை உங்கள் அப்பா எப்படிக் கூப்பிடுகிறார்? அதை நேர்மையாக எழுதினால் பண்ணையார் வேடத்துக்கு வேண்டியது பாதி கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு செய்தி. நான் மறுபடி நடிக்கத் தொடங்கியிருக்கிறேன். அப்பாயி கூலி வாங்கிய அந்த ஒரு மணி நேரத்தைச் சிறு நாடகமாக எழுதி நான்கு பேர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் நான் வீட்டம்மா. மகளுக்கு வரன் அமையாத கவலையோடு வெளியே வருகிறவள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். அப்பாயியாக நடிப்பவர் வேறு சாதியில் பிறந்த தங்கை. முதல் நாள் என்னிடம் வந்து, “அக்கா, உங்க ஊருக்கு வந்து பார்க்கட்டுமா? நான் எந்த இடத்துல அழணும்?” என்று கேட்டாள்.

“ஊருக்கு அப்புறம் போகலாம். இப்ப அந்த விளக்குமாத்தை எடு” என்றேன். “உனக்கு ரெண்டு நாள் கூலி வரணும். வாங்கிட்டுத்தான் போகணும்.”